பட்டியல் எந்தப் பக்கம் நகர்கிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும். அங்கே ஏறி இறங்கும் விலைகளைக் காட்ட ஒரு சிறிய செயலி செய்து வைத்திருக்கிறேன். பிச்சி, மல்லி, அரளி, கிரேந்தி, சம்பங்கி, கொழுந்து என்று நீண்ட பட்டியல். மேலே தேடல் பட்டை. கீழ் மூலையில் விலை சேர்க்கும் வட்டப் பொத்தான். படித்துக்கொண்டே கடைசியை நோக்கிப் போகும்போது பட்டையும் பொத்தானும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், திரும்பினால் வந்து நிற்க வேண்டும். கேட்டால் அரை மணி நேர வேலை. எனக்கு ஓர் ஓணம் சீசன் முழுவதும் பிடித்தது.

ஒரு நாள் விடியற்காலையில் வியாபாரி ஒருவர் அழைத்தார். "மக்களே, மேலே தள்ளினாலும் உன் பட்டை ஓடுகிறது, கீழே தள்ளினாலும் ஓடுகிறது. எந்தப் பக்கம் தள்ளினால் நிற்கும் என்று மட்டும் சொல்."

"அண்ணாச்சி, மேலே என்றால் விரலா, பட்டியலா?" என்று கேட்டேன். "அதை நீயல்லவா சொல்ல வேண்டும்?" என்று வைத்துவிட்டார்.

அவர் கேட்டது நியாயம். மேற்கு என்ற சொல்லுக்குள் மேல் இருக்கிறது, கிழக்குக்குள் கீழ் இருக்கிறது. மலை மேற்கே நிற்கும் ஊர்களுக்கு அது சரியாகப் பொருந்தும். எங்கள் குளச்சலில் நின்று பார்த்தால் மேற்கே கடல்தான் கிடக்கிறது, மலை வடகிழக்கே இருக்கிறது. சொல் ஒரு பக்கம் காட்டுகிறது, தரை வேறு பக்கம் சரிகிறது. ஸ்க்ரோல் திசையிலும் இதே கதைதான். விரல் மேலே போனால் வரிகளும் மேலே போகின்றன, ஆனால் படிப்பவர் பட்டியலில் கீழே இறங்குகிறார். ஆகவே இந்தக் கட்டுரையில் மேல், கீழ் இரண்டையும் கூடியவரை ஒதுக்கிவிட்டு "கடைசி நோக்கி", "தொடக்கம் நோக்கி" என்றே எழுதுகிறேன். உங்கள் நிரலில் மாறிகளுக்குப் பெயர் வைக்கும்போதும் அப்படியே செய்யுங்கள். பாதிப் பிழை பெயரிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியைப் பிடிக்க, எதையும் திருத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் நீண்ட பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூ என்றால், நகர்வைச் சொல்லும் ஆன்ஸ்க்ரோல்டு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளை லாக்கில் (நிரல் ஓடும்போது எழுதும் குறிப்பில்) எழுத வையுங்கள்: டிஒய் மதிப்பு (எத்தனை பிக்சல் நகர்ந்தது என்பது), அந்த நேரத்து ஸ்க்ரோல் நிலை, தொடக்கம் நோக்கி இன்னும் நகர இடம் இருக்கிறதா, கடைசி நோக்கி இடம் இருக்கிறதா. நிலை மூன்றுதான்: சும்மா இருப்பது 0, விரல் இழுப்பது 1, விரலை எடுத்த பின் ஓடி அடங்குவது 2. இடம் இருக்கிறதா என்பதை கேன்ஸ்க்ரோல்வெர்டிக்கலி சொல்லும். −1 கொடுத்தால் தொடக்கப் பக்கம், 1 கொடுத்தால் கடைசிப் பக்கம். இந்த நான்கையும் பார்க்காமல் நான் திருத்திய ஒவ்வொன்றும் அடுத்த வாரம் வேறு பிழையாக முளைத்தது.

தொடவே இல்லை, மறைந்த பட்டை தானாக வந்து நிற்கிறது

அண்ணாச்சி சொன்ன இன்னொரு புகார் இது. சந்தை நேரத்தில் புதிய விலை வரிகள் வந்துகொண்டே இருக்கும். அவர் பட்டியலின் நடுவில் நின்று கிரேந்தி விலையை வாசித்துக்கொண்டிருப்பார். கை படாமலே தேடல் பட்டை இறங்கி வந்து முதல் வரியை மூடும்.

லாக்கைப் பாருங்கள். அந்த நொடியில் டிஒய் 0 என்று இருக்கும், நிலையும் 0 ஆக இருக்கும். ரீசைக்ளர்வியூ நகர்ந்தால் மட்டும்தான் ஆன்ஸ்க்ரோல்டு வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், திரையில் தெரியும் வரிகளின் வரம்பு மாறினாலும் லேஅவுட் (வரிகளைத் திரையில் அடுக்கும் வேலை) முடிந்தவுடன் அது ஒரு முறை வரும், டிஒய் 0 ஆக. பட்டியல் முதன்முதலாகத் திறக்கும்போது வரும். வரி ஒன்று நுழைந்தால் வரும். விசைப்பலகை எழும்பிப் பட்டியலைச் சுருக்கினாலும் வரும்.

அதை ஏமாந்து வாங்கிக்கொள்ளும் நிரல் இப்படி இருக்கும். நானும் இப்படித்தான் எழுதியிருந்தேன்:

டிஒய் > 0 என்றால் மறை
இல்லையென்றால் காட்டு

"இல்லையென்றால்" என்பதற்குள் எதிர்மறை எண்ணும் வருகிறது, 0 உம் வருகிறது. திருத்தம் ஒரே வரி:

டிஒய் = 0 என்றால் திசையைத் தொடாதே, திரும்பிவிடு
டிஒய் > 0 என்றால் கடைசி நோக்கி
டிஒய் < 0 என்றால் தொடக்கம் நோக்கி

0 என்பது ஒரு திசையே இல்லை. பழைய திசையை அப்படியே வைத்திருக்கச் சொல்லும் செய்தி அது. இந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு எனக்கு வந்த புகார்களில் பெரும்பகுதி நின்றுவிட்டது. உங்கள் அறிகுறி எதுவானாலும் முதலில் இதைச் சரிபார்த்துவிட்டுக் கீழே போங்கள்.

ஆண்ட்ராய்டின் பழைய பட்டியல் உறுப்பான லிஸ்ட்வியூவை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு டிஒய் என்ற வசதியே கிடையாது. அங்கே முதலில் தெரியும் வரியின் எண்ணும், அந்த வரி எவ்வளவு தூரம் மேலே ஒளிந்திருக்கிறது என்பதும்தான் கையில் கிடைக்கும். இரண்டையும் முந்தைய முறையோடு ஒப்பிட வேண்டும். எண்ணை மட்டும் ஒப்பிட்டால் உயரமான வரிக்குள்ளேயே உருட்டும்போது திசை தெரியாது. ஆண்ட்ராய்டு 5.0 காலத்தில், 2014 இல் ரீசைக்ளர்வியூ வந்துவிட்டது. மாற்றிவிடுவதே நல்லது.

திசை அப்படியே தலைகீழாக இருக்கிறது

இது பெரும்பாலும் வேறு கருவிக்கு எழுதிய நிரலைக் கொண்டுவந்து ஒட்டியதால் வரும். ஒவ்வொரு கருவியும் கூட்டல், கழித்தல் குறிகளைத் தன் பார்வையில் வைத்திருக்கிறது.

ரீசைக்ளர்வியூவில் டிஒய் நேர்மறை என்றால் கடைசி நோக்கி. ஆண்ட்ராய்டில் திரை அமைக்கும் புதிய கருவியான ஜெட்பேக் கம்போஸில் நெஸ்டட்ஸ்க்ரோல்கனெக்ஷனின் ஆன்ப்ரீஸ்க்ரோல் கொடுக்கும் ஒய் மதிப்பு இதற்கு நேர் எதிர்: அது விரலின் கணக்கு, விரல் மேலே போனால் எதிர்மறை, அதாவது எதிர்மறைதான் கடைசி நோக்கி. ஐபோனில் கன்டென்ட்ஆஃப்செட் (பட்டியல் உருண்ட தூரம்) வளர்ந்தால் கடைசி நோக்கி. ஆனால் அதே பட்டியலில் விரல் இழுப்பை அளக்கும் பேன்ஜெஸ்சரிடம் இடப்பெயர்ச்சியைக் கேட்டால் அது விரலின் கணக்கில் எதிர்மறையாகச் சொல்லும். ஒரே கோப்பில் இரண்டையும் கலந்து எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கூகுளின் ஃப்ளட்டர் கருவியில் யூசர்ஸ்க்ரோல்டைரக்ஷனில் "ரிவர்ஸ்" என்பதுதான் கடைசி நோக்கி, "ஃபார்வர்டு" தொடக்கம் நோக்கி. பெயரைப் பார்த்து யாரும் மாற்றித்தான் படிப்பார்கள்.

இன்னொரு இடம், கீழிருந்து மேலாக அடுக்கிய உரையாடல் பட்டியல். வியாபாரிகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும் பக்கத்தை அப்படித்தான் வைத்திருக்கிறேன். 0 ஆம் வரி அடியில் இருக்கும். அங்கே பழைய செய்திகளைத் தேடிப் போனால் வரியின் எண் கூடுகிறது, டிஒய்யோ எதிர்மறையாக வருகிறது. டிஒய் எப்போதும் திரையின் கணக்கு. பட்டியலுக்கு வரிகளைக் கொடுக்கும் அடாப்டரின் எண்ணோடு அதற்கு உறவு இல்லை. எண்ணை வைத்து எழுதிய நிரல் இந்த ஒரு பக்கத்தில் மட்டும் தலைகீழாக நடந்தால் காரணம் இதுதான்.

பட்டை நடுங்குகிறது

இந்த அறிகுறிக்கு இரண்டு வேறு நோய்கள் உண்டு. மருந்தும் வேறு. எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை: விரலைத் திரையில் வைத்து மெல்ல இழுத்து, பாதியில் அசையாமல் நிறுத்துங்கள். நடுக்கம் ஒன்றிரண்டு முறையோடு நின்றால் முதல் நோய். விரல் சற்றே அசைந்தாலும் தொடர்ந்து துள்ளினால் இரண்டாவது.

முதலாவது விரலின் சிறு பிசிறு. இதை நான் என் மேசையில் உட்கார்ந்து ஒரு நாளும் கண்டதில்லை. சந்தையில் போய்ப் பார்த்தபோது கண்டேன். பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஈரக்கையோடுதான் தொலைபேசியைத் தொடுவார்கள். நீர்த்துளி பட்ட தொடுதிரை விரல் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லாது, தொடுபுள்ளி அங்குமிங்கும் தாவும். லாக்கில் 14, 9, −1, 11, −2, 8 என்று வரும். அந்த −1, −2 ஒவ்வொன்றும் என் நிரலுக்கு ஒரு "திரும்பிவிட்டார்" ஆகத் தெரிந்தது.

ஆண்ட்ராய்டே டச் ஸ்லாப் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறதே, அது இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். வழக்கமாக 8 டிபி (திரையின் அடர்த்திக்கு ஏற்பப் பிக்சலாக மாறும் அலகு) அளவுள்ள அந்த எல்லை இழுப்பு தொடங்கும் வரைதான் காவல் காக்கும். இழுக்கத் தொடங்கிய பின் ஒரு பிக்சல் பின்வாங்கினாலும் அப்படியே டிஒய்யாக வந்துவிடும். காவலை நாம்தான் போட வேண்டும்:

டிஒய்யின் குறியும் சேர்த்துவைத்த தொகையின் குறியும் வேறுபட்டால் தொகையை 0 ஆக்கு
தொகையுடன் டிஒய்யைக் கூட்டு
தொகையின் அளவு எல்லையைத் தாண்டினால் மட்டும் திசையை மாற்று

எல்லையை பிக்சலில் எழுதாதீர்கள். 160 டிபிஐ (அங்குலத்துக்கு 160 புள்ளி) திரையில் 1 டிபி ஒரு பிக்சல். 480 டிபிஐ திரையில் அது மூன்று பிக்சல். 20 பிக்சல் என்று வைத்தால் ஒரு தொலைபேசியில் விரல் நன்றாக நகர்ந்த பிறகும் அசையாது, இன்னொன்றில் மூச்சு விட்டாலே மாறும். என் செயலியில் மறைக்க 24 டிபி, காட்ட 12 டிபி வைத்திருக்கிறேன். மறைப்பது தாமதமானால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தேடும்போது பட்டை வராவிட்டால் உடனே அழைப்பு வருகிறது.

ஒரு சிறு எச்சரிக்கை: மேலே சொன்ன முதல் வரி, ஒரே ஒரு −1 வந்தாலும் தொகையை அழித்துவிடும். ஈரக்கைக்கு அதுவும் கடுமைதான். நான் பிறகு அதைத் தளர்த்தி, எதிர்க்குறி வந்தால் அழிக்காமல் வெறுமனே கூட்டி, தொகையை இரண்டு பக்கமும் எல்லைக்குள் அடக்கி வைத்தேன். ஒரு முனையைத் தொட்டால் மறை, மறு முனையைத் தொட்டால் காட்டு. சந்தையில் இதுதான் நின்றது.

இரண்டாவது நோய் சுவாரசியமானது. கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்கள் ஆயின. பட்டையை மறைக்கும்போது அதன் இடத்தையும் எடுத்துவிடுகிறீர்கள், அதாவது விசிபிலிட்டியை "கான்" ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்கு அடியில் இருந்த பட்டியல் 56 டிபி மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பும். விரல் இன்னும் திரையில்தான் இருக்கிறது, அசையவில்லை. ஆனால் பட்டியல் விரலின் இடத்தைத் தன் மேல்விளிம்பிலிருந்துதான் அளக்கிறது. விளிம்பு மேலே போய்விட்டதால் விரல் 56 டிபி இறங்கிவிட்டது போல அதற்குத் தோன்றும். விரல் இறங்கினால் தொடக்கம் நோக்கி. ஆகவே பட்டையைக் காட்டு. காட்டினால் பட்டியல் கீழே தள்ளப்படும், விரல் ஏறிவிட்டது போலத் தோன்றும், மறை. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் உட்கார்ந்திருந்தால் பாறைதான் நம்மை நோக்கி வருவது போலத் தெரியுமே, அந்தக் கதை.

லாக்கில் இதற்கு அடையாளம் தெளிவாக இருக்கும்: நிலை 1, டிஒய் கிட்டத்தட்ட ஒரே அளவில் கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வரும். எல்லையை எவ்வளவு உயர்த்தினாலும் இது போகாது. பட்டியல் நகரக்கூடாது, அவ்வளவுதான். பட்டியலைத் திரை முழுவதும் விரித்துவிட்டு, பட்டையின் உயரம் அளவுக்கு மேற்பக்கத்தில் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்து, கிளிப்டுபேடிங்கை அணைத்துவிடுங்கள். பட்டையை டிரான்ஸ்லேஷன்ஒய் மூலம் மேலே சறுக்கி அனுப்புங்கள். அப்போது லேஅவுட் மாறாது, விரலுக்கு அடியில் தரையும் நகராது.

இங்கே மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பட்டையை மறைத்துக் காட்டுவது மட்டும்தான் தேவை என்றால் திசையைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஆயத்தமாகக் கிடைக்கும் கோஆர்டினேட்டர்லேஅவுட்டுக்குள் ஆப்பார்லேஅவுட்டை வைத்து "ஸ்க்ரோல்", "என்டர்ஆல்வேஸ்" என்ற இரண்டு கொடிகளைக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். அடியில் இருக்கும் பட்டைக்கு ஹைடுபாட்டம்வியூஆன்ஸ்க்ரோல்பிஹேவியர் இருக்கிறது. கம்போஸில் மேற்பட்டைக்கு என்டர்ஆல்வேஸ் பிஹேவியர் உண்டு. ஐபோனில் நேவிகேஷன் கன்ட்ரோலருக்கு ஹைட்ஸ்பார்ஸ்ஆன்ஸ்வைப் என்ற வசதி ஐஓஎஸ் 8 முதலே இருக்கிறது. கையால் எழுதினால்தான் நமக்கு நிம்மதி என்ற பழக்கத்தில் நான் எழுதினேன். அதற்கான கூலியையும் வாங்கினேன்.

மறைந்தது மறைந்ததுதான், திரும்பி வரவில்லை

ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்களில் கேரள வியாபாரிகள் தோவாளைக்கு வந்து குவிவார்கள். அத்தப்பூக்களத்துக்கு வேண்டிய பூக்களை மட்டும் வடிகட்டிக் காட்டு என்று கேட்டார்கள். வடிகட்டி ஒன்றைப் போட்டேன். உடனே புதிய புகார்: பட்டியலில் நான்கே வரிகள் நிற்கின்றன, தேடல் பட்டையைக் காணவில்லை, செயலியை மூடித் திறக்க வேண்டியிருக்கிறது.

நடந்தது இது. பயனர் கடைசி நோக்கி உருட்டியிருக்கிறார், பட்டை மறைந்திருக்கிறது. பிறகு வடிகட்டியதும் நான்கு வரிகள் மிஞ்சுகின்றன. அவை திரையை நிரப்பவில்லை. எந்தப் பக்கமும் நகர இடமில்லை. நகர முடியாத பட்டியலில் தொடக்கம் நோக்கி எப்படி உருட்டுவது? ஓரத்தில் இழுத்தாலும் ஆண்ட்ராய்டு அதை ஆன்ஸ்க்ரோல்டில் சொல்லாது. ஆண்ட்ராய்டு 12 முதல் பட்டியல் ரப்பர் போல நீளுமே, அது கண்ணுக்கு மட்டும்தான்.

மருந்து: திசையை மட்டும் நம்பாமல் இடத்தையும் கேளுங்கள். தொடக்கம் நோக்கி நகர இடம் இல்லையென்றால், திசை எதுவானாலும் பட்டையைக் காட்டுங்கள். இந்தச் சோதனையை "டிஒய் 0 என்றால் திரும்பிவிடு" என்ற வரிக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் அது ஓடவே ஓடாது, ஏனென்றால் வடிகட்டியதும் வருவது அந்த 0 தான். நான் முதலில் பின்னால்தான் வைத்தேன்.

இதே இடைவெளியில் இன்னொரு வழக்கும் விழும். "முதல் வரிக்குப் போ" என்ற பொத்தானுக்கு ஸ்க்ரோல்டுபொசிஷன் பயன்படுத்தினால் பட்டியல் உருளாது, நேராகத் தாவும். தாவல் என்பது ஒரு லேஅவுட், டிஒய் 0. முதல் வரி வந்துவிடும், பட்டை வராது. மேற்சொன்ன சோதனை முன்னால் இருந்தால் இதுவும் தீரும்.

பட்டை வருகிறது, வட்டப் பொத்தான் மட்டும் வரவில்லை என்றால் அது தனி நோய். கோஆர்டினேட்டர்லேஅவுட்டில் பொத்தானுக்கு நீங்களே ஒரு பிஹேவியர் (உருட்டும்போது எப்படி நடந்துகொள்வது என்ற விதி) எழுதி, ஹைடு அழைத்து மறைக்கிறீர்கள். ஹைடு அதை "கான்" நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆண்ட்ராய்டின் துணை நூலகமான சப்போர்ட் லைப்ரரி 25.1 முதல், "கான்" நிலையில் இருக்கும் உறுப்பின் பிஹேவியருக்கு ஸ்க்ரோல் செய்தியே போவதில்லை. செய்தி வராத பொத்தான் எப்படி எழுந்து வரும்? மறைந்து முடிந்ததும் அழைக்கப்படும் ஆன்ஹிட்டனுக்குள் விசிபிலிட்டியை "இன்விசிபிள்" ஆக்குங்கள். கண்ணுக்குத் தெரியாது, காது மட்டும் திறந்திருக்கும்.

வரிகள் குறைவாக இருப்பதன் இன்னொரு முகம், அடுத்த பக்கம் இறங்காமல் நிற்பது. டிஒய் > 0 ஆகி, கடைசி வரியை நெருங்கினால் அடுத்த பக்கத்தைக் கொண்டுவா என்று எழுதியிருப்பீர்கள். முதல் பக்கத்தில் 10 வரி. உங்கள் தொலைபேசியில் 7 வரிதான் தெரியும், எல்லாம் நடக்கும். பெரிய திரையில் பத்தும் தெரிந்துவிடும், உருட்ட இடமில்லை, டிஒய் > 0 ஒருபோதும் வராது. பட்டியல் பத்தோடு முடிந்தது என்று பயனர் நினைத்துக்கொள்வார். லேஅவுட் முடிந்ததும் கடைசி நோக்கி இடம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அடுத்ததைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சில வரிகளைத் தாண்டும்போது மட்டும் திசை தவறுகிறது

இந்த அறிகுறியைக் கண்டால் டிஒய்யை விட்டுவிட்டு வேறு எதையோ ஒப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் கம்ப்யூட்வெர்டிக்கல்ஸ்க்ரோல்ஆஃப்செட் ஆக இருக்கும். பெயரைப் பார்த்தால் துல்லியமான தூரம் போலத் தோன்றும். லீனியர்லேஅவுட்மேனேஜர் அதை மதிப்பிட்டுத்தான் சொல்கிறது: இப்போது திரையில் தெரியும் வரிகளின் சராசரி உயரத்தை எடுத்து, மேலே ஒளிந்த வரிகளின் எண்ணிக்கையால் பெருக்கும். உருள்பட்டையை வரைவதற்கு அது போதும்.

என் பட்டியலில் பல வரிகள் ஒற்றை வரி உயரம். தாமரைக்கும் பட்டர் ரோஜாவுக்கும் மட்டும் படமும் குறிப்பும் சேர்ந்து மூன்று மடங்கு உயரம். அந்த உயரமான வரிகள் திரைக்குள் நுழைந்தால் சராசரி ஏறும், வெளியேறினால் இறங்கும். பயனர் கடைசி நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார், மதிப்போ குறைகிறது. நிரல் "திரும்பிவிட்டார்" என்கிறது.

முதல் தெரியும் வரியின் எண்ணை ஒப்பிடுபவர்களுக்கு வேறு பள்ளம் காத்திருக்கிறது. தலைப்பில் புதிய வரி ஒன்று நுழைந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த வரியை அதே இடத்தில் பிடித்து நிறுத்தப் பட்டியல் முயலும். அதன் எண் 0 இலிருந்து 1 ஆகிவிடும். கம்போஸில் வரிகளுக்குச் சாவி கொடுத்திருந்தாலும் இதுவே நடக்கும். யாரும் நகரவில்லை, எண் நகர்ந்தது. எண் ஒப்பீட்டை விடமுடியாது என்றால், வரியின் எண்ணோடு அதன் நிலையான அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள். கம்போஸின் புதிய பதிப்புகளில் லாஸ்ட்ஸ்க்ரோல்டுஃபார்வர்டு, லாஸ்ட்ஸ்க்ரோல்டுபேக்வர்டு என்று பட்டியலின் நிலையே கடைசியாகப் போன திசையைச் சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை.

ஐபோனில் மட்டும், ஓரம் தொட்டதும் திசை மாறுகிறது

ஐபோனில் பட்டியல் ஓரத்தைத் தாண்டிப் போய்த் துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளலும் கன்டென்ட்ஆஃப்செட்டில் அப்படியே பதிவாகும். கடைசி வரியைத் தாண்டி இழுத்துவிட்டால், திரும்பி வரும் அந்தக் கொஞ்சத் தூரம் "தொடக்கம் நோக்கி" என்று தெரியும். பட்டை எட்டிப் பார்க்கும். தொடக்கத்திலும் அப்படியே, எதிர்ப்பக்கமாக.

ஒப்பிடுவதற்கு முன் மதிப்பை இரண்டு ஓரங்களுக்குள் அடக்கிவிடுங்கள். தொடக்க ஓரம் 0 என்று எழுதாதீர்கள். அட்ஜஸ்டட்கன்டென்ட்இன்செட்டின் (ஓரங்களில் விடும் இடம்) மேல் அளவுக்கு முன்னால் கழித்தல் போட்டதுதான் தொடக்கம். கடைசி ஓரம், உள்ளடக்கத்தின் உயரத்திலிருந்து பட்டியல் தெரியும் பகுதியின் உயரத்தைக் கழித்து, அடி இன்செட்டைக் கூட்டினால் வரும். உள்ளடக்கம் சிறியதாக இருந்தால் இந்தக் கடைசி, தொடக்கத்தைவிடச் சிறியதாகிவிடும். இரண்டில் பெரியதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அடக்கிய பிறகு துள்ளல் முழுவதும் ஒரே எண்ணாகத் தெரியும், வித்தியாசம் 0, 0 வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்த விஷயம்.

உருட்டுகிறேன், ஒரு செய்தியும் வரவில்லை

ரீசைக்ளர்வியூவை, தானும் உருளும் நெஸ்டட்ஸ்க்ரோல்வியூவுக்குள் முழு உயரத்தோடு வைத்திருக்கிறீர்கள். நகர்வது வெளியே இருப்பது. உள்ளே இருப்பது ஒரு பலகை போல அப்படியே தூக்கிச் செல்லப்படுகிறது. உருட்டல் செய்தியை வாங்கும் கேட்பானை (லிஸனர்) வெளியே இருப்பதில் போடுங்கள். அங்கே பழைய ஒய், புதிய ஒய் இரண்டும் கிடைக்கும். அதைவிட நல்லது அந்த அமைப்பையே கலைப்பது, ஏனென்றால் அதில் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் உருவாகும், மறுசுழற்சி நடக்காது. மேலே இருக்கும் தலைப்புப் பகுதியையும் பட்டியலின் ஒரு வரியாகவே ஆக்கிவிடலாம்.

ஒரு முறை உருட்டினால் நான்கு முறை வருகிறது

திரைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆட்ஆன்ஸ்க்ரோல்லிஸனர் அழைக்கிறீர்கள். பெயரிலேயே "ஆட்" இருக்கிறது. அது பழையதை நீக்காது, சேர்த்துக்கொண்டே போகும். பட்டியலுக்குள் கிடைமட்டப் பட்டியல்கள் வைத்து, வரியில் தகவலை நிரப்பும்போது அழைக்கப்படும் ஆன்பைண்டில் கேட்பான் போடுபவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பெருகும். போட்ட இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நீக்குங்கள்.

பொத்தானைத் தட்டி முதல் வரிக்குப் போனால் அதையும் பயனரின் உருட்டல் என்று எடுத்துக்கொள்கிறது

ஸ்மூத்ஸ்க்ரோல்டுபொசிஷன் உண்மையாகவே உருட்டும். டிஒய் வரிசையாக வரும். நாமே உருட்டியதையும் விரல் உருட்டியதையும் பிரிக்க நிலையைப் பாருங்கள். விரல் என்றால் 1 வந்து, பிறகு 2. நாம் என்றால் 1 வராமல் நேராக 2. ஐபோனில் நேரம் காட்டும் மேல்விளிம்பைத் தட்டினாலும் பட்டியல் தொடக்கத்துக்கு ஓடும்; அதுவும் இழுப்பு இல்லாத ஓட்டம்தான்.

ஆனால் "1 வந்தால் மட்டும்தான் உண்மையான பயனர்" என்று எழுதிவிடாதீர்கள். டாக்பேக் வைத்துக் காதால் பட்டியலைப் படிப்பவர்கள் உருட்டும்போது அது பல நேரம் நிரல் வழியாக நடக்கும், அப்போது 1 வராது. எனக்கு இது தெரிய வந்தது, பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் தேடல் பட்டை கைக்கு அகப்படவில்லை என்று சொன்ன பிறகுதான். இப்போது தொட்டுக் கேட்கும் வசதி இயங்குகிறதா என்று ஆக்சஸிபிலிட்டி மேனேஜரிடம் கேட்கிறேன். இயங்கினால் பட்டையையும் பொத்தானையும் மறைப்பதே இல்லை.

திருத்திய பதிப்பை எடுத்துக்கொண்டு தோவாளைக்குப் போனேன். அண்ணாச்சி வாளியில் கையை முக்கி, உதறாமல், அப்படியே திரையில் வைத்தார். கடைசி வரி வரை ஒரு தள்ளு, நிறுத்தி ஒரு சிறு பின்னிழுப்பு, மீண்டும் ஒரு தள்ளு. பட்டை ஒரு முறை போயிற்று, ஒரு முறை வந்தது. "இப்போது பூ விலையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடு" என்றார்.